மஞ்சள் பையில் வரும் கல்: தாதுவின் தரமும் அகச்சிவப்புச் சோதனையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தாதுச் சோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது மஞ்சள் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு வந்து, "சார், இதுல எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்கள். குவாரிக் குத்தகைதாரர், தரகர், சிமென்ட் ஆலைக்கு லோடு அனுப்புகிறவர், ஜியாலஜி படிக்கும் பிள்ளைகள் என்று ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

கல்லின் மேல் ஒளியை அடித்தால் தரம் எப்படித் தெரியும்?

மார்கழிக் கச்சேரிகளில் கவனித்திருப்பீர்கள். சுருதி சேர்த்து ஓரமாக வைத்த தம்பூராவின் தந்தி, பாடகர் அதே சுருதியைப் பிடித்ததும் யாரும் தொடாமலே லேசாக அதிரும். தாதுவுக்குள் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்புகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த அதிர்வு உண்டு. அந்த அதிர்வுக்குப் பொருந்தும் அகச்சிவப்பு ஒளி வந்தால் அதை விழுங்கிவிடும், மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வரும் ஒளியில் எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் உள்ளே என்ன பிணைப்பு இருக்கிறது என்று தெரியும். பள்ளத்தின் ஆழத்தை வைத்து எவ்வளவு இருக்கிறது என்றும் ஓரளவு கணிக்கலாம்.

அகச்சிவப்பு ஒளியை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், பாதரசம் ஏறியது. எங்கள் கருவிக்குள் நடப்பதும் அடிப்படையில் அதே அளவீடுதான்.

எந்த அலைநீளத்தில் என்ன பார்ப்பீர்கள்?

மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்வோம். 400 முதல் 1000 நானோமீட்டர் வரை (கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும்) இரும்புத் தாதுக்களுக்கு. 1000 முதல் 2500 வரையுள்ள குற்றலை அகச்சிவப்பு களிமண், மாக்கல், சுண்ணாம்புக்கல், ஜிப்சம் போல ஹைட்ராக்சிலோ (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) தண்ணீரோ கார்பனேட்டோ உள்ளவற்றுக்கு. அதற்கு மேல் 2.5 முதல் 25 மைக்ரான் வரை நடு அகச்சிவப்பு. எஃப்டிஐஆர் என்று கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் பெட்டி பார்ப்பது இதைத்தான். சிலிகாவின் அடிப்படை அதிர்வுகள் இந்தப் பகுதியில்தான் வரும்.

எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் 1400, 1900, 2200, 2300 (எல்லாம் நானோமீட்டர்) என்ற நான்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 1400 ஹைட்ராக்சிலும் தண்ணீரும் சேர்ந்து காட்டும் இடம். 1900 தண்ணீருக்கு மட்டும். 2200 அலுமினியத்தோடு சேர்ந்த ஹைட்ராக்சில். 2300-ஐ ஒட்டி மெக்னீசியத்தோடு சேர்ந்த ஹைட்ராக்சிலும் கார்பனேட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குழப்பம் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

எக்ஸ்ஆர்எஃப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அப்புறம் இது எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ்-கதிரை அடித்துப் பார்க்கும் சோதனை, அது தனிமங்களை எண்ணும். சிலிகா 5 சதவீதம், அலுமினா 45 சதவீதம் என்று அழகாக அட்டவணை தரும். ஆனால் அந்தச் சிலிகா எந்த உருவத்தில் இருக்கிறது என்று சொல்லாது. வீட்டில் அரிசி, உளுந்து, வெந்தயம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது போல அது. மாவாக அரைத்துப் புளித்திருக்கிறதா, இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறதா என்பது வேறு சங்கதி.

அலுமினியத் தாதுவான பாக்சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளில் நம் ஊரிலேயே உண்டு. இரண்டு மாதிரிகளிலும் சிலிகா 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் அது குவார்ட்ஸாக, அதாவது வெறும் மணலாக இருக்கிறது. மற்றதில் கயோலினைட் களிமண்ணாக இருக்கிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் பேயர் முறையில் அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைக்கும்போது, வெப்பநிலை குறைவாக இருந்தால் குவார்ட்ஸ் பெரும்பாலும் சும்மா கிடக்கும். கயோலினைட் கரைந்து, சோடாவையும் அலுமினாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேறொரு உப்பாகப் படிந்துவிடும். ஆலைக்கு இரட்டை நஷ்டம். எக்ஸ்ஆர்எஃப் அட்டவணையில் இரண்டும் ஒரே 5. அகச்சிவப்பில் கயோலினைட் 2160-க்குப் பக்கத்திலும் 2208-க்குப் பக்கத்திலும் இரட்டைப் பள்ளமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அதே பாக்சைட்டில் அலுமினா கிப்சைட்டாக இருக்கிறதா, போமைட்டாக இருக்கிறதா என்பதும் முக்கியம். கிப்சைட் சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே கரையும். போமைட்டுக்கு 240 டிகிரி பக்கம் போக வேண்டும். கிப்சைட்டின் அடையாளம் 2265 நானோமீட்டர்.

ஆக, எக்ஸ்ஆர்எஃப்பை நிறுத்திவிட்டு இதற்கு மாறுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அது எண்ணிக்கை சொல்கிறது, இது உருவம் சொல்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விலை பேசுகிறவர்கள்தான் பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தலையில் கை வைக்கிறார்கள்.

சேலத்து வெள்ளைக்கல்லுக்கு இது உதவுமா?

நன்றாகவே உதவும். சேலம் பக்கம் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைக்கும் அளவுக்குப் புகழ்பெற்ற கல் அது. சுத்தமான மேக்னசைட்டில் மெக்னீசியம் ஆக்சைடு 47.8 சதவீதம், மீதி கரியமில வாயு. உலைச் செங்கல் செய்கிறவருக்குச் சுண்ணாம்பும் சிலிகாவும் எதிரிகள்.

ஆனால் வெளுத்ததெல்லாம் பால் இல்லை. மேக்னசைட், டாலமைட், கால்சைட் மூன்றும் வெள்ளையாகத்தான் இருக்கும். கார்பனேட்டின் முக்கியப் பள்ளம் மேக்னசைட்டில் 2300 பக்கமும், டாலமைட்டில் 2320 பக்கமும், கால்சைட்டில் 2340 பக்கமும் விழும். நாற்பது நானோமீட்டர் வித்தியாசத்தில் மூன்றையும் பிரித்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த மேக்னசைட் டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறை சிதைந்து உருவானது. கூடவே செர்பென்டைன் என்ற தாது ஒட்டிக்கொண்டு வரும். அதற்கும் 2320-ஐ ஒட்டிப் பள்ளம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் "டாலமைட் இருக்கு சார்" என்று எழுதிவிடுவார்கள். 1390 பக்கம் பார்த்தாயா என்று கேட்பேன். செர்பென்டைனில் ஹைட்ராக்சில் இருப்பதால் அங்கே கூர்மையான இன்னொரு பள்ளம் இருக்கும், டாலமைட்டில் இருக்காது. ஒரு கோட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இரும்புத் தாதுவில் என்ன தெரியும்?

ஹேமடைட்டா கோதைட்டா என்பது தெரியும். முன்பு சென்னைத் துறைமுகம் வழியாக பெல்லாரி, ஹொஸ்பேட் தாது ஏராளமாகக் கப்பல் ஏறியது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கே கையாளப்படுவது நின்றது. அதற்கு முன்பு ராயபுரம் வீடுகளில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி சிவக்கும்.

சுத்தமான ஹேமடைட்டில் இரும்பு 69.9 சதவீதம். கோதைட்டில் 62.9 தான், மீதியில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர். இது ஈரத் தண்ணீர் இல்லை, படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர். வெயிலில் காயவைத்தால் போகாது, உலையில்தான் போகும். அதை விரட்ட எரிபொருள் செலவு. அகச்சிவப்பில் ஹேமடைட்டின் பள்ளம் 860-ஐ ஒட்டியும் கோதைட்டின் பள்ளம் 920-ஐ ஒட்டியும் வரும். இரண்டும் கலந்தால் பள்ளம் நடுவில் எங்காவது நகர்ந்து நிற்கும். அந்த நகர்வை வைத்தே கலவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம்.

சேலத்தை ஒட்டிய கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவுக்கு இந்த வித்தை பலிக்காது. அது கன்னங்கரேல் என்று இருக்கும். குற்றலைப் பகுதியில் ஒளியை எல்லாம் விழுங்கிவிட்டு எந்தப் பள்ளமும் காட்டாது. கூட இருக்கும் தாதுக்களின் பள்ளங்களையும் மூழ்கடித்துவிடும். காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியாது. தங்கத்துக்கு அகச்சிவப்பில் அடையாளம் கிடையாது. தங்கம் வந்த வழியில் வெந்நீர் பாறையைச் சிதைத்து உருவாக்கிய வெள்ளை மைக்கா, குளோரைட் போன்றவற்றைப் பார்த்து, எங்கே துளை போடலாம் என்று தேடுகிறவர்கள் முடிவெடுப்பார்கள். அது கம்பெனிகளின் வேலை, மஞ்சள் பை வேலை இல்லை.

வேறு எவற்றுக்கெல்லாம் உதவாது?

சிவகங்கை கிராஃபைட், கடற்கரை மணலில் உள்ள இல்மனைட், காலீனா, பைரைட் போன்ற சல்ஃபைடுகள். எல்லாம் கறுப்பு அல்லது உலோகப் பளபளப்பு. குவார்ட்ஸும் குற்றலைப் பகுதியில் கண்ணுக்குப் படாது. அதற்கு நடு அகச்சிவப்புக்குப் போக வேண்டும். அங்கே அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு) 798, 779 என்று இரட்டைக் கோடு வரும்.

அந்த இரட்டைக் கோடு இன்னொரு வேலைக்கும் பயன்படுகிறது. கல் உடைக்கும் இடத்தில் தொழிலாளி சுவாசிக்கும் தூசியை வடிகட்டியில் பிடித்து, அதில் படிகச் சிலிகா எவ்வளவு என்று இதை வைத்தே அளக்கலாம். சிலிகாத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் வந்த பிறகு நுரையீரலைச் சரிசெய்ய முடியாது. தாதுவின் தரம் பார்க்க வருகிறவர்களில் ஒருவர்கூட இதைத் தானாகக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். கயோலினைட்டும் அலைஎண் 795 பக்கம் தலைகாட்டும் என்பதால், களிமண் தூசியில் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

கடற்கரைக் கறுப்பு மணலைக் கொண்டு வரலாமா?

கார்னட் தெரியும். மோனசைட் என்ற தாதுவும் தெரியும், அதுவும் வேடிக்கையான விதத்தில். அதிலுள்ள நியோடிமியம் என்ற தனிமம் 580, 740, 800 நானோமீட்டர் பக்கம் கூர்மையான பள்ளங்களைக் காட்டும். வேறு எந்தத் தாதுவும் அவ்வளவு எளிதாகப் பிடிபடாது. ஆனால் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள் அது. உரிய அனுமதிக் கடிதம் இல்லாமல் பையோடு வந்தால் பையோடுதான் திருப்பி அனுப்புவோம்.

சென்னையின் ஈரக் காற்று கருவியைப் பாதிக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரை உடனே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்கத் தோன்றும்.

எஃப்டிஐஆர் கருவிகள் பலவற்றில் ஒளி கடக்கும் கண்ணாடி என்பது கண்ணாடியே இல்லை, பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பு. மாதிரியையும் அந்த உப்போடுதான் அரைப்போம். ஒன்று இரண்டு மில்லிகிராம் தாதுவை இருநூறு மில்லிகிராம் உப்பில் கலந்து, அழுத்தி, கண்ணாடி மாதிரி ஒரு வில்லை செய்வோம். சமையலறையில் உப்புக் கிண்ணம் ஐப்பசியில் எப்படிக் கசிகிறது என்று தெரியும் அல்லவா? அதேதான் இங்கேயும். ஈரம் ஏறிய வில்லையில் அலைஎண் 3400-லும் 1640-லும் தண்ணீர் பெரிதாக உட்கார்ந்துகொள்ளும். தாதுவின் ஹைட்ராக்சில் எது, காற்றின் ஈரம் எது என்று பிரிக்க முடியாது.

ஒரு நவம்பரில் சனிக்கிழமை மாலை கிளம்பும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போய்விட்டோம். மின்சாரம் மிச்சம் என்று நினைத்தது நான்தான். ஞாயிறு முழுக்க அடைமழை. திங்கள் காலை திறந்தால் கருவியின் உப்பு ஜன்னலில் புகை படிந்தது போல மங்கல். சிலிகா ஜெல் மணிகள் நீலம் போய் இளஞ்சிவப்பாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மிச்சம் பிடித்த மின்சாரத்தைப் போலப் பல மடங்கு செலவில் ஜன்னலை மாற்றினோம். இப்போது அந்த அறையின் ஏசி சுவிட்ச் மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது.

வைரப் படிகத்தில் பொடியை அழுத்திப் பார்க்கும் ஏடிஆர் இணைப்பு வாங்கினால் வில்லைத் தொல்லை இல்லை. சென்னையில் புதிதாகக் கருவி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். ஜன்னலும் துத்தநாக செலினைடாக இருந்தால் இன்னும் நிம்மதி, ஆனால் குறைந்த அலைஎண் பகுதியைக் கொஞ்சம் இழக்க நேரிடும். இன்னொன்று, கருவி மேல் குனிந்து மூச்சு விடாதீர்கள். அலைஎண் 2350-இல் வருவது தாது இல்லை, நீங்கள் விட்ட கரியமில வாயு.

மாதிரியை 105 டிகிரியில் காயவைப்பது வழக்கம். ஜிப்சத்துக்கு மட்டும் அது ஆகாது. ஜிப்சத்தின் எடையில் 20.9 சதவீதம் படிகத் தண்ணீர். 105-இல் அது கழன்றுபோய் வேறு தாதுவாக மாறத் தொடங்கிவிடும். 45 டிகிரியைத் தாண்டாமல் பொறுமையாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்ட ஒருவருக்கு அருமையான ஜிப்சம் மட்டமான ஜிப்சமாகத் தெரிந்த கதை எங்களிடம் உண்டு.

கையடக்கக் கருவியைக் குவாரிக்கே கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். சில நொடிகளில் ஒரு அளவீடு. விலை பல லட்சங்கள் என்பதால் பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். வெயிலில் காய்ந்து தூசி படிந்த மேல் தோலை அளக்காமல், சுத்தியலால் உடைத்துப் புதிய முகத்தை அளக்க வேண்டும். அவ்வப்போது வெள்ளைத் தட்டை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தட்டை விரலால் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையோடு தொட்டால், எண்ணெயின் பள்ளம் 2310 நானோமீட்டரிலும் 2350-லும் விழும். கார்பனேட் நிற்கும் அதே பகுதி. சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

சதவீதம் எவ்வளவு துல்லியமாக வரும்?

கருவி நேரடியாகச் சதவீதம் தருவதில்லை. வேதியியல் முறையில் ஏற்கெனவே அளந்த பல மாதிரிகளின் நிறமாலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து ஒரு கணக்கு கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதிரி போதாது, பத்துக் கணக்கில் வேண்டும். நல்லது, கெட்டது, நடுத்தரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நல்ல கல்லை மட்டும் கொடுத்துக் கற்பித்தால் கெட்ட கல் வரும்போது கணக்கு உளறும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்குக் கட்டிய கணக்கை அப்படியே திண்டுக்கல் கல்லுக்குப் போடக்கூடாது. அரியலூர் கல் கடலடியில் சிப்பிகளோடு படிந்தது, திண்டுக்கல் பக்கம் கிடைப்பது வெப்பத்தில் உருமாறிய பளிங்கு போன்ற கல். துகள் அளவு மாறினாலும் கணக்கு மாறும். எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலித்துத்தான் அளக்க வேண்டும். எந்தத் தாதுவுக்கும் உடனே துல்லியமான சதவீதம் தரும் கருவி என்று யாராவது விற்க வந்தால், உங்கள் குவாரியின் பத்து மாதிரியைக் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இந்த ரிப்போர்ட்டை வைத்து விலைத் தகராறைத் தீர்க்கலாமா?

ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். பெரும்பாலும் அது வேதியியல் பகுப்பாய்வு அல்லது எக்ஸ்ஆர்எஃப், அதுவும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில். அகச்சிவப்பு ரிப்போர்ட் ஏன் தகராறு வந்தது என்பதை விளக்கும், அவ்வளவுதான்.

ராமன் நிறமாலை என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அகச்சிவப்பில் எந்த ஒளி விழுங்கப்படுகிறது என்று பார்க்கிறோம். ராமனில் லேசர் ஒளி சிதறும்போது அதன் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறோம். சி. வி. ராமன் நம் மெரினாவுக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் படித்தவர். விளைவைக் கண்டறிந்தது 1928-இல் கல்கத்தாவில். கிராஃபைட்டுக்கு ராமன்தான் சரி.

செயற்கைக்கோளிலிருந்து பார்க்கலாமாமே?

எந்த மலையில் தேடலாம் என்று காட்டும், லோடின் தரத்தைக் காட்டாது. 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி இதற்காகவே ரொம்பப் பயன்பட்டது. 2008-இல் அதன் குற்றலை அகச்சிவப்புப் பகுதி பழுதாகிவிட்டது, பழைய படங்களை இன்றும் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதே 2008-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1 சுமந்துபோன எம்3 கருவி, 3 மைக்ரானை ஒட்டிய பள்ளத்தை வைத்துத்தான் நிலவின் பரப்பில் ஹைட்ராக்சிலும் தண்ணீரும் இருப்பதைக் காட்டியது. நிலவானாலும் சேலமானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஜியாலஜி மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

பல்லாவரத்தில் தொடங்குங்கள். அங்கே கிடைக்கும் சார்னோக்கைட் உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற பாறை. அதிலுள்ள பைராக்சீன் என்ற தாது 900 பக்கம் ஒன்று, 1900-க்குச் சற்று முன்பின்னாக ஒன்று என இரண்டு அகலமான பள்ளங்களைக் காட்டும். கூர்மையான 1900 தண்ணீர்ப் பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கண் பழகிவிடும். அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையின் நிறமாலைத் தொகுப்பு இணையத்தில் இலவசம். வகுப்பறையில் காட்டும் படங்களைவிட அது மேல்.

மாதிரியை எப்படிக் கொண்டு வர வேண்டும்?

அழகான கல்லாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். குவியலின் மேலே, நடுவே, அடியில், எல்லாப் பக்கமும் எடுங்கள். உடைத்துக் கலந்து கூம்பாகக் குவியுங்கள். உச்சியைத் தட்டிப் பரப்பி, தோசையை நாலாக வெட்டுவது போல வெட்டி, எதிரெதிர் இரண்டு பாகங்களை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுங்கள். ஒன்றிரண்டு கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். தடித்த பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி, இடம், தேதி, எந்தக் குவியல் என்பதை அழியாத மையில் பைக்கு வெளியிலும், ஒரு சீட்டில் உள்ளேயும் எழுதுங்கள். மஞ்சள் பையில் போட்டால் ரசாயனச் சாயமும் நூலும் ஒட்டும், ஜவுளிக்கடையின் போன் நம்பர் மட்டும் எங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.